இந்தியாவின் ஆண்கள் கோல்ஃப் டூர்: கபில்தேவ் தொடங்கியதா, அதற்கு முன்பே இருந்ததா?

பீளமேடு வாசகி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் ஒரு விளையாட்டின் கதையைப் பேச வேண்டும். கபடி, ஹாக்கி, கேரம் எல்லாம் முடிந்துவிட்டது. என் முறைக்கு கோல்ஃப் வந்திருக்கிறது. நான் கேட்டு வாங்கியதுதான். கபில்தேவ் ஏதோ கோல்ஃப் அமைப்புக்குத் தலைவரானார் என்று செய்தியில் பார்த்ததிலிருந்து ஒரு ஆர்வம்.

ஆனால் தேடத் தேடக் குழப்பம்தான் மிஞ்சுகிறது. ஓரிடத்தில் பிஜிஏஐ என்கிறார்கள், இன்னோரிடத்தில் பிஜிடிஐ. இந்தியன் ஓப்பன் 1964-இல் தொடங்கியது என்று இருக்கிறது, டூர் 2006-இல் தொடங்கியது என்றும் இருக்கிறது. அப்படியானால் நடுவில் இருந்த நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் எங்கே ஆடினார்கள்? எதை வைத்துப் பிழைத்தார்கள்? கோல்ஃப் என்றாலே பணக்காரர் ஆட்டம் என்கிறோம். ஆனால் ஜெயித்தவர்கள் பட்டியலைப் பார்த்தால் பாதிப் பேர் கேடியாக, அதாவது ஆடுபவரின் பையைத் தூக்குபவராக, இருந்தவர்கள் என்று போட்டிருக்கிறார்கள். இது எப்படி நடந்தது?

விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் நன்றாக இருக்கும். எனக்கு கோல்ஃப் விதிகள் சுத்தமாகத் தெரியாது, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலைப்பதிப்பு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன்.

இந்தியன் ஓப்பன் என்பது ஒரு போட்டி. ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு வாரம், முடிந்தது. டூர் என்றால் ஆண்டு முழுக்க ஊர் ஊராக நடக்கும் போட்டிகளின் வரிசை. ஒவ்வொரு போட்டியிலும் சம்பாதித்ததைக் கூட்டி, ஆண்டு முடிவில் யார் முதலிடம் என்று ஒரு தரவரிசை போடுவார்கள். அதற்கு ஆர்டர் ஆஃப் மெரிட் என்று பெயர்.

இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்று முதலில் வந்த சங்கம் பிஜிஏஐ, 1988-இல். இன்று டூரை நடத்தும் பிஜிடிஐ 2006-இல் உருவானது. கபில்தேவ் அதைத் தொடங்கவில்லை. கிரிக்கெட்டுக்குப் பிறகு கோல்ஃப் பக்கம் வந்து, அமைப்பின் துணைத் தலைவராக இருந்து, 2024 ஜூனில் தலைவரானார். அவருக்கு முன் தலைவராக இருந்தவர் எச்.ஆர். ஸ்ரீனிவாசன், சென்னையின் டேக் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். முதல் ஆண்டுகளில் பெரிய ஆதரவாக இருந்தவர் தொழிலதிபர் கௌதம் தாப்பர்.

அமெச்சூர் ஆட்டத்துக்கு, அதாவது பிழைப்பாக இல்லாமல் ஆடுபவர்களுக்கு, இந்தியன் கோல்ஃப் யூனியன் என்று தனி அமைப்பு உண்டு, 1955-இலிருந்து. அதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பையும் நடையும்

வாசகி அம்மா, மேலே சொன்னதெல்லாம் சரியான விவரம்தான். ஆனால் உங்கள் பேச்சை 2006-இல் தொடங்கிவிடாதீர்கள். இந்த டூரின் வரலாறு கேடி ஷெட்டில், கேடிகள் வேலைக்குக் காத்து நிற்கும் கொட்டகையில், தொடங்குகிறது. அங்கிருந்து சொன்னால்தான் நீங்கள் கேட்ட கேள்விக்கே பதில் கிடைக்கும்.

நான் சென்னைக்காரன். கிண்டியில் குதிரைப் பந்தயத் திடலுக்கு நடுவில் ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது, ஜிம்கானா கிளப்பினுடையது. பள்ளிக்கூட வயதில் அங்கே பந்து பொறுக்கினேன், பிறகு கேடி ஆனேன், அதற்கப்புறம் பல ஆண்டுகள் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரின் பேக்கைத் தோளில் போட்டுக்கொண்டு டூர் முழுக்கச் சுற்றினேன். அதனால் நான் சொல்வது பைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவனின் கதை.

கோல்ஃப் இந்தியாவுக்கு வெள்ளைக்காரனோடு வந்தது. கல்கத்தா கிளப் 1829-இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. பெங்களூருவில் 1876. கிளப் என்றால் உறுப்பினர்கள். உறுப்பினர்கள் என்றால் அவர்களுடைய பையைத் தூக்க ஆள் வேண்டும். அந்த ஆட்கள் பக்கத்துக் குடிசைகளிலிருந்தும், மைதானத்தில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளிலிருந்தும் வந்தார்கள். காலை ஐந்தரைக்கு ஷெட்டில் நின்றால்தான் பை கிடைக்கும்.

பல கிளப்களில் திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்றைக்குக் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். உடைந்த கோல்ஃப் மட்டையில் வேறு பிடியைச் சுற்றி, குளத்தில் மூழ்கி எடுத்த பந்தை வைத்து ஆடுவார்கள். பையன்களுக்குள் பத்து ரூபாய் பந்தயம். பட், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் அடி, தவறினால் மறுநாள் டீக்குக் காசு இருக்காது. இந்தியாவின் பல நல்ல ஆட்டக்காரர்களுக்குப் பட்டிங் அப்படி நறுக்கென்று இருப்பதற்குக் காரணம் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அந்தப் பயிற்சிக்கு எந்த அகாடமியும் ஈடாகாது.

இப்போது இந்தியன் ஓப்பன். ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் ஐந்து முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தவர். இங்கே ஒரு சர்வதேசப் போட்டி நடக்க வேண்டும் என்று முனைந்தவர்களில் முக்கியமானவர். 1964-இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில் முதல் போட்டி நடந்தது, அவரே ஜெயித்தார். அடுத்த ஆண்டு கல்கத்தாவில் ஜெயித்தவர் பி.ஜி. சேத்தி, பில்லூ சேத்தி என்பார்கள். அவர் அமெச்சூர், கிளப் உறுப்பினர் வகுப்பைச் சேர்ந்தவர். ஓர் அமெச்சூர் அந்தக் கோப்பையை எடுத்தது அந்த ஒரே தடவைதான்.

அதற்குப் பிறகு ஓர் இந்தியர் அந்தக் கோப்பையைத் தொட 26 ஆண்டுகள் ஆயின. 1991-இல் அலி ஷேர். டெல்லி கிளப்பில் பை தூக்கிய பையன், அதே மைதானத்தில், வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வைத்துக்கொண்டு ஜெயித்தார். இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர்தான். அர்ஜுனா விருது வந்தது. 1993-இல் மறுபடியும் ஜெயித்தார், முதல் தடவை அதிர்ஷ்டம் என்று பேசியவர்களுக்கு அதுவே பதில். அந்தச் செய்தி நாடு முழுக்க எல்லாக் கேடி ஷெட்டுக்கும் போனது. எங்கள் ஷெட்டில் பெரியவர் ஒருவர் பேப்பரை வெட்டி உள்பக்கச் சுவரில் ஒட்டினார். வருகிற புதுப் பையனுக்கெல்லாம் அதைக் காட்டி, ‘இவனும் உன்னை மாதிரிதான் நின்னான்’ என்பார்.

பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள். 1998 ஃபெரோஸ் அலி. 2002 லக்னோவின் விஜய் குமார். 2009-இல் பெங்களூருவின் சின்னசாமி முனியப்பா, அவரும் கேடிதான். குருகிராம் டிஎல்எஃப் மைதானத்தில் ஒரு கொரியரை, சமநிலையை முறிக்க ஆடும் பிளேஆஃபில், வீழ்த்தி ஜெயித்தார். 12.5 லட்சம் டாலர் பரிசுப் போட்டி அது, அவர் பங்குக்குக் கிட்டத்தட்ட 2 லட்சம் டாலர். அன்று எங்கள் தென்னாட்டுக் கேடிகளிடம் இருந்த சந்தோஷத்தை இன்று எழுதும்போதும் உணர்கிறேன்.

எல்லோரும் கேடிகள் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜீவ் மில்கா சிங், அர்ஜுன் அட்வால், ஜோதி ரந்தாவா மூவரும் வசதியும் ஆதரவும் உள்ள வீடுகளிலிருந்து வந்து, வெளிநாட்டு டூர்களில் கதவைத் திறந்துவைத்தவர்கள். 1998-இல் ஐரோப்பிய டூருக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஜீவ். 2007-இல் அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் போட்டியில் ஆடிய முதல் இந்தியரும் அவரே. அட்வால் 2010-இல் விண்டம் சாம்பியன்ஷிப்பை ஜெயித்தார். திங்கட்கிழமை தகுதிச் சுற்றில் ஆடி உள்ளே நுழைந்தவர், ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு போனார். அமெரிக்க டூரில் ஜெயித்த முதல் இந்தியர் அவர். ஆனால் அவர்கள் வெளியே போய்விட்டார்கள். உள்ளூர் டூரை ஆண்டு முழுக்க உயிரோடு வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் ஷெட்டிலிருந்து வந்தவர்கள்தான்.

பீளமேடு வாசகி

ஐயா, ரொம்ப நன்றி. இதை வாசித்த பிறகுதான் பேச ஒரு வழி தெரிகிறது. இரண்டு சந்தேகம். 2006-இல் என்ன நடந்தது, ஏன் புதிய அமைப்பு? அப்புறம் இந்தப் பணம். ஒரு சாதாரண ஆட்டக்காரர், கோப்பை ஜெயிக்காதவர், ஆண்டுக்கு எப்படி ஓட்டுவார்?

பையும் நடையும்

சொல்கிறேன் அம்மா.

1988-இல் சங்கம் வந்தபோது போட்டிகள் கொஞ்சம், பரிசும் கொஞ்சம். தொழில்முறை ஆட்டக்காரர் என்று பெயர் இருந்தாலும் வீட்டுச் செலவு கிளப் உறுப்பினர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில்தான் ஓடியது. பிறகு தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து ஒரு விளையாட்டு விளம்பர நிறுவனத்தின் கையில் டூர் இருந்தது. ஸ்பான்சர்கள் வந்தார்கள், போட்டிகள் கூடின. அந்தக் காலத்தில்தான் டூர் என்று சொல்லும்படியான ஒன்று உருவானது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் ஆட்டக்காரர்களுக்கு ஒரு கேள்வி இருந்தது. ஆடுபவர்கள் நாங்கள். எத்தனை போட்டி, எந்த ஊர், எவ்வளவு பரிசு என்று முடிவு செய்யும் இடத்தில் நாங்கள் ஏன் இல்லை? உலகத்தின் பெரிய டூர்களிலும் இதே கேள்விதான் முன்பு எழுந்தது. அமெரிக்காவில் 1968-இல் டூர் ஆட்டக்காரர்கள் தாய்ச் சங்கத்திலிருந்து பிரிந்தார்கள், அதிலிருந்துதான் இன்றைய பிஜிஏ டூர் வந்தது. இங்கே அது 2006-இல் நடந்தது. முன்னணி ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பிஜிடிஐயை உருவாக்கினார்கள். ஆட்டக்காரர்களின் அமைப்பு என்பதே அதன் அடிப்படை.

அது நல்ல வேளையாகவும் அமைந்தது. ஜீவ் 2006-இல் சீனாவில் ஐரோப்பிய டூர் கோப்பை ஒன்றையும், ஆண்டுக் கடைசியில் வால்வோ மாஸ்டர்ஸையும் ஜெயித்து, ஆசிய டூரின் தரவரிசையில் முதலிடத்தில் முடித்தார். உள்நாட்டில் ரந்தாவா 2006, 2007 என்று அடுத்தடுத்து இந்தியன் ஓப்பன். ஸ்பான்சரிடம் போய்ப் பேசக் கையில் ஏதோ இருந்தது.

2008-இல் டெல்லியில் ஐரோப்பிய டூர் முதன்முறையாக வந்து இறங்கியது. இந்தியன் மாஸ்டர்ஸ், 25 லட்சம் டாலர். தென்னாப்பிரிக்காவின் எர்னி எல்ஸ் போன்ற உலக நட்சத்திரங்கள் வந்திருந்தார்கள். ஜெயித்தவர் எஸ்.எஸ்.பி. சௌராசியா. அவர் அப்பா ராயல் கல்கத்தாவில் புல் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். மைதானத்தின் ஓரத்திலேயே வளர்ந்த பிள்ளை. உயரமும் இல்லை, பந்தை அடிக்கும் தூரமும் பெரிதில்லை. குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மட்டும் அவரைப் பிடிக்க முடியாது. பந்தைக் கொஞ்ச தூரம் தூக்கிப் போடும் சிப், உருட்டும் பட் இரண்டையும் சேர்த்து ‘சிப்புட்சியா’ என்றே நண்பர்கள் கூப்பிட்டார்கள். 2015 இந்தியன் ஓப்பனில் பிளேஆஃபில் இன்னொரு இந்தியரான அனிர்பன் லாஹிரியிடம் தோற்றார். அடுத்த ஆண்டு அதே டெல்லியில் ஜெயித்தார். அதற்கடுத்த ஆண்டு குருகிராமில் ஏழு ஷாட் வித்தியாசத்தில் மறுபடி ஜெயித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்ததில் பங்கர் என்னும் மணல் குழியிலிருந்து வெளியே எடுக்கும் ஷாட்டை அவ்வளவு நிதானமாக ஆடியவர் வேறு யாரும் இல்லை. மணல் சத்தமே வராது, பந்து மட்டும் வெளியே வரும்.

இனி பணம். இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை.

ஒரு போட்டியில் நூற்றுக்கும் மேல் ஆட்டக்காரர்கள் தொடங்குவார்கள். நான்கு நாள், நாளுக்கு 18 குழி. இரண்டு நாள் முடிந்ததும் ‘கட்’. முதல் ஐம்பது இடமும் அதே ஸ்கோரில் இருப்பவர்களும் மட்டும் மீதி இரண்டு நாள் ஆடலாம். மற்றவர்கள் வீட்டுக்கு. கட் தவறியவருக்குப் பரிசு ஒரு ரூபாய் கூடக் கிடையாது. ஆனால் ரயில் டிக்கெட், தங்கும் அறை, சாப்பாடு, நுழைவுக் கட்டணம், கேடி கூலி எல்லாம் அவர் கையிலிருந்துதான்.

தொடக்க ஆண்டுகளில் ஒரு சாதாரணப் போட்டியின் மொத்தப் பரிசே 30 லட்சம் போல இருக்கும். ஜெயித்தவருக்கு அதில் 16 சதவீதம், அதாவது ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. கட் தாண்டிக் கடைசி இடத்தில் முடித்தவருக்குக் கிடைப்பது வந்துபோன செலவுக்கே இழுபறி. இப்போது ஒரு கோடி ரூபாய்ப் போட்டிகள் வழக்கமாகிவிட்டன, ஜெயித்தால் 15 லட்சம் வரும். ஆண்டுக் கடைசியில் ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் போட்டி, அது 3 கோடி வரை போயிருக்கிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்கோர் பலகைக்கு முன்னால் நிற்பதை நீங்கள் பார்க்க வேண்டும். நாங்கள் முன்னதாக ஆடி முடித்திருப்போம். எங்கள் ஸ்கோர் கோட்டுக்கு மேலே இருக்குமா கீழே இருக்குமா என்பது இன்னும் மைதானத்தில் இருக்கிறவர்கள் கையில். என் ஆட்டக்காரர் பக்கத்தில் நிற்க மாட்டார், ஷூவைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். துடைத்த ஷூவையே மறுபடி துடைப்பார். நான்தான் பலகையைப் பார்த்து விரலைக் காட்ட வேண்டும். ஒரு ஷாட்டில் உள்ளே வந்தால் மறுநாள் காலை, குழிகள் எங்கே இருக்கின்றன என்று குறித்த பின் ஷீட்டை வாங்கிவரச் சொல்வார். வெளியே போனால் ரயில் நேரத்தைக் கேட்பார். வேறு பேச்சே இருக்காது. அறை ஒன்று, ஆட்கள் மூன்று நான்கு பேர். இரண்டு பேர் உள்ளே, இரண்டு பேர் வெளியே என்றால் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூட மாட்டார்கள்.

டிக்பாயை நினைத்துக்கொள்கிறேன். அஸ்ஸாமின் கிழக்குக் கோடி, 1901-லேயே சுத்திகரிப்பு ஆலை வந்த எண்ணெய் ஊர். இந்தியன் ஆயில் சர்வோ மாஸ்டர்ஸ் அங்கே நடக்கும். இங்கிருந்து போவதென்றால் காட்பாடியில் விவேக் எக்ஸ்பிரஸ் ஏறி, நியூ தின்சுகியாவில் இறங்க வேண்டும், மூன்றாவது நாளைத் தாண்டிவிடும். பேக்கை பெர்த்துக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டு தூங்குவேன். உள்ளே இருப்பது ஒருவருடைய முழுப் பிழைப்பு. அப்படிப் போய் வெள்ளிக்கிழமை கட் தவறினால் திரும்பி வரும் பயணம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் போனோம், எல்லோரும் போனார்கள். ஏனென்றால் அந்த வாரம் அங்கே ஒரு போட்டி இருந்தது.

ஒரு டூர் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, முதல் பரிசு எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆண்டுக்கு எத்தனை வாரம் போட்டி, ஐம்பதாவது ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஆட்டக்காரர்கள் தாங்களே நடத்தத் தொடங்கியதில் நான் கண்ட பெரிய நன்மை, காலண்டர் நிறைந்ததுதான்.

கொழும்பு புறக்கோட்டை

அண்ணா, உங்கட பதிவை வாசிக்கச் சந்தோசமா இருக்கு. எங்கட பக்கத்துக் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கோ. பேர் இந்திய டூர் எண்டாலும், இலங்கை, பங்களாதேஷ் ஆக்களுக்கும் அதுதான் வாசல்.

எங்களிட்டச் சொந்தமாக ஒரு டூர் நடத்துமளவுக்கு ஆட்டக்காரரும் இல்லை, மைதானமும் இல்லை. ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப் 1879-இல் தொடங்கினது. அதுக்குள்ளாலதான் களனிவெளி ரயில் பாதை போகுது. ரயில் வரும்போது ஆட்டத்தை நிறுத்திப்போட்டு நிக்க வேணும். பிஜிடிஐ அங்கயும் வந்து போட்டி நடத்தியிருக்கு. மித்துன் பெரேரா, அனுர ரோஹண, எங்கட தமிழ்ப் பெடியன் ந. தங்கராஜா எல்லாரும் அந்த டூரில் ஆடித்தான் பேர் எடுத்தவை. மித்துனின் தகப்பனார் நந்தசேன பெரேராவும் நல்ல கோல்ஃப் ஆட்டக்காரர். தங்கராஜாவின்ர பேர் லீடர்போர்டில் மேல நிண்டால் இங்க எங்கட வாட்ஸப் குழு முழுக்க அதே பேச்சுத்தான்.

பங்களாதேஷின் சித்திகுர் ரஹ்மான் டாக்கா குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கின பெடியன். இந்திய டூரில் ஆடிப் பழகி, 2010-இல் புரூணையில் ஆசிய டூர் கோப்பை. 2013-இல் டெல்லியில் இந்தியன் ஓப்பனையே வெண்டவர். அவருக்குப் பிறகுதான் அந்த நாட்டில் கோல்ஃபைப் பற்றிப் பேப்பரில் பெரிசா எழுதத் தொடங்கினவை.

பையும் நடையும்

தம்பி, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். சித்திகுர் வந்த புதிதில் அதிகம் பேச மாட்டார், பயிற்சித் திடலில் இருட்டும் வரை இருப்பார். தங்கராஜாவோடு தமிழில் பேசிக்கொண்டே ஃபேர்வே என்னும் புல்வெளிப் பாதையில் நடப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. மற்ற வாரங்களில் இந்தியும் வங்காளமும் பஞ்சாபியும்தான் காதில் விழும். ராயல் கொழும்பின் ரயிலும் நினைவிருக்கிறது. ஜன்னலோரப் பயணிகள் கையாட்டுவார்கள், பட் போடக் குனிந்தவர் நிமிர்ந்து காத்திருப்பார்.

வாசகி அம்மா, உங்கள் பேச்சில் ஒருவர் பெயரை மட்டும் விடவே கூடாது, முகேஷ் குமார். மத்தியப் பிரதேசத்தில் மாவ் என்ற ராணுவ ஊர், அம்பேத்கர் பிறந்த ஊர். அங்கே கேடியாகத் தொடங்கியவர். உள்நாட்டுப் போட்டிகளில் மட்டும் 120-க்கு மேல் கோப்பைகள். பிஜிஏஐ காலத்திலும் ஜெயித்தார், பிஜிடிஐ காலத்திலும் ஜெயித்தார். அமைப்பு மாறியதே தவிர முகேஷ் மாறவில்லை. வெளிநாட்டில் பெரிதாக ஆடவில்லை என்பதால் உலகத்துக்கு அவரைத் தெரியாது. 2016 டிசம்பரில் டெல்லியில் பானசோனிக் ஓப்பன் நடந்தது, ஆசிய டூர் போட்டி. அப்போது அவருக்கு வயது 51. எதிரில் அவர் வயதில் பாதி இருக்கும் பையன்கள். ஜெயித்தார். ஆசிய டூரில் தன் முதல் கோப்பையை அந்த வயதில் எடுத்தவர் அதுவரை யாரும் இல்லை.

டெல்லி மைதானம் அவருக்குத் தோதான இடம். இரண்டு பக்கமும் முள் புதர், நடுவில் ஒல்லியான ஃபேர்வே, பழைய கல்லறைக் கட்டடங்கள், மயில்கள். இளவட்டங்கள் பந்தை எவ்வளவு தூரம் அடிக்கலாம் என்று பார்ப்பார்கள். புதருக்குள் போனால் பந்தைத் தேடவே நேரம் போய்விடும். முகேஷ் நேராக அடித்தார், அவ்வளவுதான். கேடியாக இருந்தவருக்கு எங்கே அடிக்கக் கூடாது என்பது முதலில் தெரியும்.

அதே மாவ் ஊரிலிருந்து வந்தவர் ஓம் பிரகாஷ் சௌஹான். அவர் 2023-இல் டூர் தரவரிசையில் முதலிடம். இது ஏன் முக்கியம் என்றால், 2022-இல் பிஜிடிஐ ஐரோப்பிய டூரோடும், அதாவது இப்போதைய டிபி வேர்ல்டு டூரோடும், அமெரிக்க பிஜிஏ டூரோடும் ஓர் ஒப்பந்தத்துக்குள் வந்தது. அதன்படி இங்கே முதலிடம் பிடிப்பவருக்கு அடுத்த ஆண்டு ஐரோப்பிய டூரில் ஆட நேரடி இடம். முதலில் அதைப் பெற்றவர் மனு காண்டாஸ், அடுத்து சௌஹான், 2024-இல் வீர் அஹ்லாவத். முன்பெல்லாம் வெளிநாட்டு டூருக்குப் போக வேண்டுமென்றால் தகுதிச் சுற்றுக்கே விமான டிக்கெட், தங்கும் செலவு என்று லட்சங்கள் வேண்டும். அந்தப் பணம் இல்லாததால் போகாமலே நின்றுவிட்டவர்களை நான் நிறையப் பேர் பார்த்திருக்கிறேன். ஒரு கேடிப் பையன் இங்கேயே ஆடி, இங்கேயே முதலிடம் பிடித்து, ஐரோப்பாவுக்கு நேராகப் போகிறான் என்பது சின்ன விஷயமே இல்லை.

ஒன்பதாம் குழி

ஐயா, ஒரு கேள்வி. 2025-இல் இந்தியன் கோல்ஃப் பிரீமியர் லீக் என்று இன்னொன்று வந்ததே. ககன்ஜீத் புல்லர் மாதிரி பெரிய ஆட்கள் அந்தப் பக்கம் போனார்களே. டூர் உடைந்துவிடுமா? ஐபிஎல் கிரிக்கெட்டைத் தூக்கி நிறுத்தின மாதிரி இதுவும் கோல்ஃபைத் தூக்கினால் நல்லதுதானே?

பையும் நடையும்

ஆட்டக்காரர் அதிகப் பணம் கிடைக்கும் இடத்துக்குப் போவதை நான் தப்பு சொல்லவே மாட்டேன். கட் தவறி ரயிலேறியவர்களைப் பார்த்தவன் நான். உழைக்கும் வயது கொஞ்சம்தான், இடுப்பு பிடித்துக்கொண்டால் முடிந்தது.

ஆனால் ஐபிஎல் ஒப்பீடு எனக்கு ஒத்துவரவில்லை. கிரிக்கெட்டில் ஐபிஎல் வந்தபோது கீழே ரஞ்சி இருந்தது, வாரியத்திடம் பணம் இருந்தது, நாடு முழுக்கப் பார்வையாளர்கள் இருந்தார்கள். கோல்ஃபில் ஸ்பான்சர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இரண்டு டூர் அதே கதவைத் தட்டினால், வாரங்கள் குறையும். பெரிய பெயர்களுக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும். கட் விளிம்பில் நிற்பவருக்குக் குறைந்துபோன அந்த இரண்டு வாரம்தான் பிள்ளையின் பள்ளிக் கட்டணம். அந்த இடத்திலிருந்துதான் நான் இதைப் பார்க்கிறேன். 2006-இல் ஆட்டக்காரர்கள் பிரிந்தது ஒரே டூரைத் தங்கள் கைக்குக் கொண்டுவர. இப்போது இரண்டாவது ஒன்று எதிரே நிற்கிறது. இரண்டு தரப்பும் உட்கார்ந்து காலண்டரை மோதாமல் போட்டுக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. அதற்கான பேச்சு நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மாலைப்பதிப்பு

இதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து உண்டு. போட்டி இருந்தால்தான் பிஜிடிஐயும் பரிசை உயர்த்தும், ஒளிபரப்பைச் சரி செய்யும். இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊரில் லாஹிரி, சௌராசியா பெயரே பலருக்குத் தெரியாது என்றால் அதில் நடத்துபவர்களுக்கும் பங்கு இருக்கிறது. ஆனால் ஐம்பதாவது ஆள் பற்றி ஐயா சொன்னது நான் யோசிக்காத கோணம். அதை ஒப்புக்கொள்கிறேன்.

பீளமேடு வாசகி

எல்லோருக்கும் நன்றி. அலி ஷேரில் தொடங்கி, 2006-ஐ நடுவில் வைத்து, சௌஹானில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன். கடைசியாக ஒன்று ஐயா. எங்கள் வட்டத்தில் சில பேர் நேரில் ஒரு போட்டி பார்க்க ஆசைப்படுகிறார்கள். சென்னையில் நடக்குமா? நாங்கள் போனால் உள்ளே விடுவார்களா, என்ன பார்க்க வேண்டும்?

பையும் நடையும்

நடக்கும் அம்மா. நந்தனத்தில் காஸ்மோ, அதாவது தமிழ்நாடு கோல்ஃப் கூட்டமைப்பு மைதானத்தில் பிஜிடிஐ போட்டிகள் நடந்திருக்கின்றன. டூரின் இணையதளத்தில் ஆண்டுக் காலண்டர் போடுவார்கள். கிளப் தனியார் இடம் என்பதால் முன்கூட்டியே அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, இத்தனை பேர் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோப்பை கொடுப்பதைப் பார்க்க எல்லோரும் வருவார்கள். நீங்கள் முடிந்தால் வெள்ளிக்கிழமை வாருங்கள். காலையில் பயிற்சி கிரீன் பக்கம் நில்லுங்கள், ஒவ்வொருவரும் பட்டிங்குக்கு எப்படித் தயாராகிறார்கள் என்று தெரியும். பிறகு முன்னணியில் இருப்பவர்களை விட்டுவிட்டு, நடுவில் இருக்கும் ஏதாவது ஒரு மூன்று பேர் குழுவைத் தேர்ந்தெடுத்து அவர்களோடு ஒன்பது குழி நடங்கள். கேடி என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தூரம் சொல்வது, காற்று பார்ப்பது, ஈரத் துண்டால் மட்டையைத் துடைப்பது, பங்கரை ரேக் போட்டுச் சமப்படுத்துவது எல்லாம் அவர்தான். வெயிலுக்குத் தொப்பி, கான்வாஸ் ஷூ, தண்ணீர் பாட்டில். ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டக்காரர் பந்துக்கு மேல் நின்றதும் நடையை நிறுத்திவிடுங்கள். ஷாட் நன்றாக விழுந்தால் தாராளமாகக் கைதட்டுங்கள். அங்கே கைதட்ட ஆள் குறைவு, அவர்களுக்கு அது கேட்கும்.